ஸ்டிக்கர் தேய்ந்த திங்க்பேடும் ரங்கூன் கரண்டும்

மச்சான் என் தலையில் கட்டிவிட்டுப் போன செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் லேப்டாப் இது. ஜப்பானில் ஏதோ ஆபீசில் ஓடி ஓய்ந்து ரங்கூன் வந்திருக்க வேண்டும், ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் ஜப்பானிய எழுத்துப் பட்டன்கள். திரை ஓரத்தில் மாடல் பெயர் தேய்ந்து பாதிதான் மிச்சம். எக்ஸ்230 என்று சொல்லி விற்றார்களாம். அதற்கு முந்தைய மாடல் எக்ஸ்220. இரண்டு மாடலும் 12.5 அங்குலம்தான், மூடி வைத்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் கீபோர்டு காட்டிக் கொடுத்துவிடும்: பட்டன்கள் நெருக்கமாக ஏழு வரிசை இருந்தால் 2011இல் வந்த எக்ஸ்220, நடுவில் இடைவெளி விட்டு ஆறு வரிசை இருந்தால் அடுத்த வருஷத்து எக்ஸ்230. இதில் ஏழு வரிசை. அடிப்பக்க ஸ்டிக்கரில் டைப் 4290 என்று இருந்தது, அதுவும் எக்ஸ்220தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ட்ஸ் வாங்கப் போகக்கூடாது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மிண்ட் போட்ட பென்டிரைவில் பூட் செய்து, டெர்மினலில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை கொடுத்தால் எந்த ஸ்லாட்டில் எவ்வளவு ரேம் என்பது வரை சொல்லிவிடும். ஐ5-2520எம் பிராசசர், அது போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற வழியில்லை. ரேம் 4 ஜிபி ஒரே துண்டு, இன்னொரு ஸ்லாட் காலி. வேண்டியது டிடிஆர்3 வகை ரேம், 1333 வேகம். 1.35 வோல்ட் என்று எழுதிய டிடிஆர்3எல் துண்டும் 1.5 வோல்ட்டில் ஓடும், அதனால் கடையில் எது கிடைத்தாலும் சரி. டிடிஆர்4 நுழையவே நுழையாது. கம்பெனி கணக்கில் உச்சம் 8 ஜிபி, 16 போட்டாலும் எடுத்துக்கொள்கிறது என்று பலரும் ஓட்டுகிறார்கள். எனக்கு 8 போதும், இன்னொரு 4 ஜிபி துண்டு போட்டேன்.

உயிர் கொடுத்தது பழைய ஹார்டு டிஸ்க் இடத்தில் போடும் வேகமான எஸ்எஸ்டி டிரைவ்தான். பக்கவாட்டில் ஒரே ஸ்க்ரூ, மூடியைக் கழற்றினால் டிரைவ் அப்படியே உருவிக்கொண்டு வரும். 2.5 அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிமனாகப் பார்த்து வாங்க வேண்டும், 9.5 உள்ளே போகாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 இந்தத் தலைமுறை பிராசசரைக் கணக்கிலேயே சேர்க்காது, அதனால் மிண்டையே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். தமிழ்99 கீபோர்டு, பர்மிய யூனிகோட் இரண்டும் அதில் சுலபமாகவே அமைந்தன. வைஃபை கார்டில் மட்டும் கை வைக்கவில்லை. லேப்டாப்பைத் துவக்கும் பயாஸ் மென்பொருளின் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி அப்படியே நின்றுவிடும். யூஎஸ்பி வைஃபை குச்சி மலிவு, வம்பும் இல்லை.

அப்புறம் கரண்ட். நம் ஊரில் இதுதான் பெரிய விஷயம், ரேம் எல்லாம் அதற்கப்புறம். பேட்டரியின் ஒரிஜினல் கொள்ளளவு 63 வாட் மணி, இப்போது நிரம்புவது அதில் பாதிகூட இல்லை. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்து, பேட்டரி நீடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நிஜம்தான், ஆனால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் நான் 100 வரை நிரப்பியே வைக்கிறேன். இந்த லேப்டாப் சார்ஜர் 20 வோல்ட், ரவுண்டு பின். டைப்-சி பவர் பேங்கில் இருந்து 20 வோல்ட் கேட்டு வாங்கும் கேபிள் ஒன்று விற்கிறது, மறுமுனையில் இதே ரவுண்டு பின். பவர் பேங்க் மேல் 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட்டோடு நிற்பதை வைத்து ஒன்றும் நடக்காது. இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக ஏற்றி, சார்ஜரில் மறுபடி 20 வோல்ட்டாக இறக்கும்போது வீணாகிற மின்சாரம் இதில் மிச்சம். வெளிச்சத்தைக் குறைத்து எழுத்து வேலை மட்டும் பார்த்தால் மின்செலவை அளக்கும் பவர்டாப் மென்பொருள் 9, 10 வாட்தான் காட்டுகிறது.

பாக்கி இருப்பது திரை. இதில் இருப்பது மட்டமான டிஎன் பேனல், கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறிவிடும். இதே மாடலுக்கு, சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலும் வந்தது, உடைந்த எக்ஸ்220 ஏதாவது மலிவாகக் கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.