கிணற்றை மூடிவிட்டார்கள், நிலம் இன்னும் கைக்கு வரவில்லை

மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பூர்வீக நிலத்தை விட்டுவிட்டு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வரும். "நம்ம வயல்ல இருந்த எண்ணெய்க் கிணத்தை மூடிட்டாங்க, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கண்ணே" என்று தம்பியின் குரலும் கூடவே வரும். உடனே போட்டுவிடாதீர்கள். கிணற்றை மூடுவது ஒரு வேலை, நிலத்தைத் திருப்பி ஒப்படைப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்து வாங்குவதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

நிலம் எப்படிப் போனது என்பதை முதலில் பாருங்கள். கிரயமாகவோ கையகப்படுத்தலாகவோ போயிருந்தால் நீங்கள் இப்போது பக்கத்து வயல்காரர் மட்டுமே. அரசு தற்காலிகமாக எடுத்திருந்தால் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 81, 82 பிரிவுகள் உங்களுக்கானவை. அதிகபட்சம் 3 ஆண்டு. தவணை முடிந்ததும் சேதத்துக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தை மாவட்ட ஆட்சியர் திருப்பித் தர வேண்டும். முன்பு செய்த சாகுபடிக்கு இனி நிரந்தரமாக உதவாது என்ற நிலை வந்தால், அரசே அதை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். நீங்கள் கேட்டால்தான் அது நடக்கும், தானாக நடக்காது. 1894 சட்டத்தில் எடுத்த பழைய நிலங்களுக்கு 35, 36 பிரிவுகள் இதையே சொல்கின்றன. எண்ணெய் நிறுவனத்தோடு நேராகக் குத்தகை எழுதியிருந்தால் பத்திர வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நிலத்தைச் சீரமைத்த சான்றிதழ் கிடைக்கும்வரை உரிமையாளருக்கு ஆண்டு வாடகை வந்துகொண்டே இருக்கும். குத்தகை நீட்டிப்புக் கேட்டு வரும்போது இப்படி ஒரு வரியை எழுதி வாங்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் பழைய கிணறுகளும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புதிய தோண்டலைத்தான் தடுக்கிறது.

மூடினார்கள் என்றால் நிரந்தரமாகவா, தற்காலிகமாகவா என்று எழுத்தில் கேளுங்கள். தற்காலிகம் என்றால் கிணற்றின் தலை மேலேயே நிற்கும், குத்தகையும் கூடவே நிற்கும். நிரந்தரம் என்றால் ரிக் (துளையிடும் எந்திரம்) வந்து கனமான உப்புக் கரைசலால் அழுத்தத்தை அடக்கி, உள்குழாயை உருவி, எண்ணெய் வந்த துளைகளின் மேலும் மேலடுக்கிலும் சிமெண்ட் அடைப்புகள் போட வேண்டும். 7 அங்குல கேசிங்கில் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாயில்) மீட்டருக்கு ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். 100 மீட்டர் அடைப்புக்கு 2,000 லிட்டர் கலவை, அதாவது 2.6 டன் சிமெண்ட், 50 கிலோ மூட்டையில் 52. ரசீதில் இதில் பாதிதான் இருந்தால் அடைப்பின் நீளமும் பாதிதான்.

சிமெண்ட் கலவை கீழே கிடக்கும் திரவத்தைவிடக் கனம். அடியில் தாங்குவதற்கு இரும்பு அடைப்போ கெட்டியான களிமண் கரைசலோ இல்லாவிட்டால் கலவை நழுவிக் கீழே இறங்கும், சேறோடு கலந்து இறுகாமலும் போகும். அதனால்தான் இறுகிய பிறகு குழாயை இறக்கி எடை வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். எந்த ஆழத்தில் தட்டியது, எவ்வளவு எடை தாங்கியது என்ற பதிவின் நகலைக் கேளுங்கள்.

கடைசியில் கேசிங்கைத் தரைக்குக் கீழே வெட்டி எடுப்பார்கள். அதற்கு முன் இன்னொரு சோதனை. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு கேசிங்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் 2.5 சென்டிமீட்டர் அமிழ்த்தி 10 நிமிடம் பார்ப்பார்கள். ஒரு குமிழி விட்டுவிட்டு வந்தாலும் வெளிப்புறச் சிமெண்டில் வழி இருக்கிறது; வெட்டி மண் போட்டு மூடினால் வாயு வயலில் கிளம்பும். இதை அவர்களே செய்ய வேண்டும், தம்பி ஓரமாக நின்று வீடியோ எடுத்தால் போதும். வால்வை நீங்கள் தொடக்கூடாது.

வெட்டு ஆழம் டெக்சாஸில் குறைந்தது 3 அடி, ஆல்பர்ட்டாவில் 1 மீட்டர். எங்கள் கருத்தில் டெல்டா வயலுக்கு அதைவிட ஆழமாகவே கேட்கலாம். மண்ணுக்குள் விட்ட குழாயின் அடிக்கட்டை இருக்கும் ஆள்கூறையும் ஆழத்தையும் எழுதி வாங்கி, புல வரைபட நகலில் குறித்து வையுங்கள். பின்னாளில் அந்த இடத்தில் போர் போடப் போகிறவருக்கு வேறு வழியில் தெரியாது.

மண்ணில்தான் நீண்ட நாள் பாடு. கிராவல் கொட்டி உயர்த்திய மேடு, தோண்டும்போது வந்த கழிவுச் சேற்றைத் தேக்கிய சேற்றுக்குழி, ரிக் வந்த பாதை, அடைபட்ட வடிகால் என்று மூன்று, நான்கு ஏக்கர் போயிருக்கும். மேலே கொஞ்சம் வண்டல் பரப்பிவிட்டு "சீரமைத்தாச்சு" என்பார்கள். ரோட்டவேட்டர் 15 சென்டிமீட்டரைத்தான் கிளறும்; லாரி அமுக்கிய இறுக்கம் அதற்கும் கீழே. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஆழக் கலப்பை ஓட்ட வேண்டும், ஈரத்தில் ஓட்டினால் களிமண் தேய்ந்து இன்னும் இறுகும். சேற்றுக்குழியை உள்ளேயே புதைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்: அதன் உப்பு நீர்தேங்கும் வயலில் மேலே வரும். 0–15, 15–30, 30–60 சென்டிமீட்டர் ஆழங்களில் மண் எடுத்து, பக்கத்து நல்ல வயல் மண்ணோடு சேர்த்து ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். ஆனால் அது மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கான அளவு. தண்ணீர் அதிகம் ஊற்றிக் கரைத்துப் பார்த்தால் எண் குறைவாகவே காட்டும், அறிக்கையில் முறையைக் கேளுங்கள்.

இவ்வளவும் முடியும்வரை எந்தத் தாளிலும் "கிணறு மூடப்பட்டதை மட்டும் அறிந்தேன், நிலத்தை ஏற்கவில்லை, இழப்பீட்டு உரிமை நிலுவையில்" என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். இந்தப் பதிவுகளைக் கேட்கும் தகவல் அறியும் மனுவை இந்தியக் குடிமக்கள்தான் போட முடியும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் ஊரிலிருக்கும் தம்பி பெயரில் போடச் சொல்லுங்கள். மாசு பற்றிய இழப்பீட்டுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 5 ஆண்டு அவகாசம் உண்டு.

தம்பிக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெறலாம், அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி தரும் சான்று) வாங்கலாம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நிலத்தை அளக்க, ஆட்சேபணை எழுத, மண் மாதிரி எடுக்க அதிகாரம் கொடுங்கள். முழுத் தீர்வுக் கையெழுத்துக்கான அதிகாரத்தை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.