பாதியில் நின்ற ஆப்பிள் சைடர்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய தோப்பில் டாபினெட் வகை ஆப்பிள்களைப் பொறுக்கி, புளிப்புக்குக் கொஞ்சம் பிராம்லி ஆப்பிள் சேர்த்து, சைடர் (நொதித்த ஆப்பிள் பானம்) செய்ய அக்டோபர் கடைசியில் சாறு பிழிந்தேன். தலா 4.5 லிட்டர் பிடிக்கும் இரண்டு கண்ணாடி ஜாடிகள், இசி-1118 என்ற வகை ஈஸ்ட். ஆரம்ப அடர்த்தி 1.052 (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும்). முதலில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) ஓயாமல் கொப்பளித்தது. நவம்பர் நடுவில் சத்தமே இல்லை.

ஏர்லாக் அடங்கியதை வைத்து மட்டும் நொதித்தல் நின்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ரப்பர் மூடியின் ஓரத்தில் லேசாகக் கசிந்தாலே குமிழி வராது. அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். அதையும் ஒருமுறை சுழற்றிவிட்டுப் படியுங்கள். ஒட்டியிருக்கும் வாயுக் குமிழ்கள் அதை மேலே தூக்கி, எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். ஆல்கஹால் கலந்த பிறகு, திருத்தக் கணக்குப் போடாவிட்டால், அது உள்ளதைவிட அதிகச் சர்க்கரை இருப்பதாகவே காட்டும்.

சில நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் 1.022. அப்படியென்றால் ஆல்கஹால் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 18 சதவீதம் வரை தாங்கும் ஈஸ்ட் இது. ஆகவே ஆல்கஹால் அதை அடக்கியிருக்க வாய்ப்பில்லை.

முதல் சந்தேகம் குளிர் மேல். கராஜ் வெப்பமானியில் 9 டிகிரி. இந்த ஈஸ்ட் வேலை செய்யும் கீழ் எல்லையே 10 டிகிரிதான். ஜாடிகளைச் சமையலறை மூலைக்கு மாற்றினேன். அங்கே 18 டிகிரி இருக்கும். அடியில் படிந்த வண்டலை மெதுவாகச் சுழற்றிக் கலக்கிவிட்டேன். தளும்பவிடக் கூடாது. இந்தக் கட்டத்தில் காற்றுப் பட்டால் சைடர் பழுப்பேறும், வினிகராகும் வழியும் திறந்துவிடும். இரண்டு ஜாடியும் 1.018 வரை இறங்கி, மறுபடி நின்றன.

அடுத்த அளவுக்கு மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை. எனக்கு வழி காட்டியது அந்த வாடைதான். நைட்ரஜன் பற்றாத ஈஸ்ட், தனக்குள் இருக்கும் கந்தகத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே விடும். ஆப்பிள் சாற்றில் இயல்பாகவே நைட்ரஜன் குறைவு. உரம் காணாமல் புல்வெளியில் நிற்கும் வயதான மரங்களின் பழத்தில் அது இன்னும் குறைவு. எங்கள் தோப்பு அப்படிப்பட்டதுதான். பிரான்சின் நார்மண்டியில் இந்தக் குறையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். சாற்றிலுள்ள பெக்டினைப் பழுப்பு நிறத் தொப்பி போல மேலே திரளவைத்துச் சத்தைக் குறைத்து, நொதித்தலை மெல்ல இழுத்து, இனிப்பு மிச்சமிருக்கும் சைடரை எடுக்கிறார்கள். அதனால் சத்துக் குறைந்த சாறு கெட்ட சாறு என்று நான் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது இனிப்பில்லாத சைடர், அவ்வளவுதான்.

ஒரு ஜாடிக்கு மட்டும், ஈஸ்டுக்கு நைட்ரஜன் தரும் சத்துப் பொடியான டைஅம்மோனியம் பாஸ்பேட் ஒரு கிராம் போட்டேன், மற்றதை அப்படியே விட்டேன். பொடியை நேராகக் கொட்ட வேண்டாம். கரைந்திருக்கும் வாயு முழுக்க ஒரே மூச்சில் நுரையாகப் பொங்கி ஜாடிக்கு வெளியே வந்துவிடும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அப்படியும் கழுத்து வரை நுரை ஏறி, விளிம்பில் சீறி, மெல்ல அடங்கியது. அந்த ஜாடி 1.010-க்கு இறங்கியது, வாடையும் தணிந்தது. சத்துப் போடாத ஜாடி 1.018-லேயே நின்றது. குளிர் பாதிக் காரணம்தான் என்பது அப்போது உறுதியானது.

இரண்டாவது ஜாடிக்குப் புது ஈஸ்ட் கொடுத்துப் பார்க்க நினைத்தேன். நின்றுபோன சைடரில் புது ஈஸ்டை நேராகத் தூவினால், ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து அதில் பெரும்பகுதியைச் சாகடித்துவிடும். அதனால் ஈஸ்டை ஜாடியில் போடாமல், சைடரைத்தான் ஈஸ்டிடம் கொண்டுபோக வேண்டும். 37 டிகிரி வெந்நீரில் ஈஸ்டை 20 நிமிடம் ஊறவைத்து, கடையில் வாங்கிய ஆப்பிள் சாற்றில் சத்துடன் சேர்த்தேன். லேபிளில் பொட்டாசியம் சோர்பேட் இருந்தால் அந்தச் சாற்றை எடுக்காதீர்கள், அது ஈஸ்டைப் பெருகவிடாது. நன்றாக நுரைத்ததும் அதே அளவு சைடரை ஊற்றினேன். அதுவும் நுரைத்த பிறகு மறுபடி இரட்டிப்பு. இப்படியே ஜாடி முழுவதும் போய்ச் சேர்ந்தது. பொறுமை வேண்டும், ஆனால் இதைவிட நம்பகமான முறையை நான் பார்த்ததில்லை.

இப்போது முதல் ஜாடி 1.002, இரண்டாவது 1.008, இரண்டும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வார இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் பாட்டிலில் அடைப்பேன். 1.018-ல் அடைத்திருந்தால், வசந்தத்தில் சூடேறியதும் ஈஸ்ட் விழித்து, மிச்சச் சர்க்கரையெல்லாம் வாயுவாகிப் பாட்டிலையே வெடிக்க வைத்திருக்கும். அடுத்த பருவத்தில் இந்தத் தோப்புப் பழத்துக்குத் தொடக்கத்திலேயே அரை கிராம் சத்துப் போட்டு, ஜாடியை 14 டிகிரியில் வைத்துப் பார்க்கப் போகிறேன். மெதுவாக நொதித்தால் ஆப்பிள் மணம் நன்றாகத் தங்கும், அதை இழக்க எனக்கு மனமில்லை.