நிற்கத் தெரிந்த செல்கள்: ஓர் ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

திரவ நைட்ரஜன் கலனிலிருந்து மூன்று குளோன்களின் (ஒவ்வொன்றும் ஒரே செல்லின் வழித்தோன்றல்கள்) குப்பிகளை இன்று எடுத்து உயிர்ப்பித்தேன். வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் நடுவே கடுகளவு பனி எஞ்சியிருக்கும்போதே குப்பியை வெளியே எடுத்துவிட வேண்டும். உறைநிலையில் செல்லைக் காக்கும் டைமெத்தில் சல்பாக்சைடு, கரைந்தபின் அதற்கே நஞ்சாகிவிடுகிறது. செல்கள் பற்றிக்கொள்ள உதவும் லாமினின் புரதம் பூசிய குடுவைகளில் விதைத்துவிட்டு, மாலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலானவை ஒட்டிக்கொண்டிருந்தன.

இவை மனித நரம்புக் குருத்தணுக்கள். வெட்டுண்ட புற நரம்பின் இடைவெளியில் வைத்து, அறுந்த இழைகள் மறுகரையை அடைய வழிகாட்டச் செய்வதே எங்கள் நோக்கம்.

மார்ச் 11

இயல்பான மனித செல் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என்பதை 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினர். ஒரே தொகுதியிலிருந்து பல நோயாளிகளுக்கு மருந்து தயாரிக்க வேண்டுமானால் அந்த எண்ணிக்கை போதாது. ஓயாமல் பெருகும் ஹீலா செல்கள் 1951 முதல் உலகெங்கும் வளர்கின்றன. ஆனால் புற்றுக்கட்டியிலிருந்து பிறந்த அவற்றை யார் உடலிலும் செலுத்த முடியாது. ஆகவே, நாம் சொல்லும்வரை பெருகி, சொன்னதும் நின்றுவிடும் செல் வேண்டும்.

அதற்கான விசை (சுவிட்ச்), பெருக்கத்தைத் தூண்டும் சி-மிக் புரதத்தை, திருத்தியமைத்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு பகுதியோடு இணைத்ததாகும். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு இது செவிசாய்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபெனின் வழிப்பொருள் ஒன்றை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால்தான் விழித்துக்கொள்கிறது. இந்த உத்தியால் உருவான சிடிஎக்ஸ் என்னும் செல் லைனை (தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வழியை), 2010-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய சோதனையில் பக்கவாதம் வந்த 11 ஆண்களின் மூளையில் செலுத்தினார்கள். அதிகபட்ச அளவு 2 கோடி செல்கள். செல்களால் விளைந்த தீங்கு எதுவும் தென்படவில்லை என்று 2016-இல் வெளியான அறிக்கை கூறியது. பின்னர் அதே லைனை, புற நரம்பிழைகளைச் சூழ்ந்து பேணும் ஷ்வான் செல் போன்ற நிலைக்கு மாற்றி, கொலாஜன் புரதக் கூழில் பொதித்து, எலியின் பின்னங்காலுக்குச் செல்லும் சியாட்டிக் நரம்பில் சோதித்தவர்களும் உண்டு. எங்கள் விசையும் அதே வகைதான்.

மார்ச் 22

டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தார் நேற்று வெளியிட்ட முடிவுகளைப் பற்றியே இன்று முழுவதும் பேச்சு. தூண்டப்பட்ட பன்முக ஆற்றல் செல்களிலிருந்து (முதிர்ந்த செல்லைக் கருநிலை போன்ற நிலைக்குத் திருப்பிப் பெறுபவை) பெற்ற நரம்பு முன்னோடிச் செல்களை, தண்டுவடம் காயமுற்ற நால்வருக்கு ஆளுக்கு 20 லட்சம் வீதம் செலுத்தியிருக்கிறார்கள். ஒருவர் உதவியின்றி நிற்கிறார், இன்னொருவர் தாமே உண்கிறார், மற்ற இருவரிடம் அத்தகைய மீட்சி இல்லை. செய்தித்தாள்கள் நின்றவரைப் பற்றி எழுதின. எனக்கோ, ஓராண்டு கடந்தும் கடுமையான பக்கவிளைவு இல்லை என்ற வரிதான் பெரிதாகப் பட்டது. அங்கும் உடலில் செலுத்துவதற்கு முன் செல்களின் பெருகும் போக்கை அடக்க ஒரு தடுப்பு மருந்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 8

மைக்கோபிளாஸ்மா. ஆறு குடுவைகளையும் அழித்தாயிற்று. செல்சுவர் இல்லாத இந்தக் கிருமியைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, சாதாரண நுண்ணோக்கியில் கண்ணிலும் படாது. ஊடகம் கலங்காமலே உள்ளே குடியிருக்கும். பக்கத்து அறையிலிருந்து வந்ததா, என் கையுறையிலிருந்தா என்று விசாரிப்பதில் பயனில்லை.

ஏப்ரல் 24

மூல வங்கிக் குப்பிகளிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறோம். நேற்றைய தயிரையே இன்றைக்கு உறை ஊற்றிக்கொண்டு போனால் சில வாரங்களில் சுவை மாறிவிடுவதைப் போல, செல்களும் தலைமுறைதோறும் சற்றே விலகிப்போகின்றன. அதனால்தான் தொடக்கநிலைச் செல்களை உறையவைத்து, தேவைக்கு மட்டும் எடுக்கிறோம்.

குரோமோசோம் பரிசோதனை முடிவும் இன்று வந்தது. முதல் இரண்டு குளோன்களில் 46-உம் ஒழுங்காக இருக்கின்றன. மூன்றாவதில் பல செல்கள் 12-ஆம் குரோமோசோமை மூன்று பிரதிகளாக வைத்திருக்கின்றன. எங்கள் மூன்றில் மிக விரைவாகப் பெருகியதும், குடுவையில் மிக அழகாகத் தோன்றியதும், நான் ரகசியமாக நம்பிக்கை வைத்திருந்ததும் அதுதான். விரைவு என்று நான் மெச்சியது, ஒருவேளை பிரதி ஒன்று கூடியதன் பலனாக இருக்கலாம். அதைக் கைவிடுவதென்று கூட்டத்தில் முடிவானபோது நான் எதிர்க்கவில்லை.

மே 16

தமாக்சிஃபென் வழிப்பொருளையும் வளர்ச்சிக் காரணிகளையும் நிறுத்தி இரண்டு வாரங்கள் ஆகின்றன. செல்கள் நீண்டு மெலிந்து ஷ்வான் செல்களை ஒத்திருக்கின்றன. இரு முனைகளிலும் கட்டிவைத்த கொலாஜன் கூழில் கலந்தபோது, அவை தாமாகவே இழுத்துச் சுருக்கி, நீளவாக்கில் ஒரே திசையில் அணிவகுத்தன. நாள் ஒன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் மட்டுமே வளரும் நரம்பிழைக்கு இந்த வரிசை பெரிய துணை. இப்போதைய சிகிச்சையில் நோயாளியின் காலிலிருந்தே சூரல் நரம்பை வெட்டியெடுத்து ஒட்டுகிறார்கள். கை மீண்டாலும் பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகிறது.

ஜூன் 2

பிரிந்துகொண்டிருக்கும் செல்களைக் காட்டும் கேஐ-67 சாயத்தில், முதல் குளோன் முற்றிலும் அமைதி. இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கரு ஒளிர்கிறது. சாயமிடுதலில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று சக ஆய்வாளர் ஆறுதல் கூறினார். சாயத்தைச் செல்லில் பிணைக்கும் எதிர்ப்பொருளை மாற்றி நாளை மறுபடியும் எண்ணப்போகிறேன். நான்கு வாரம் கடந்த தட்டுகளையும் சேர்த்து.