லாகின் ஆகிறது, ஃபோல்டர் மட்டும் தெரியவில்லை

எங்கள் ஸ்டுடியோ கும்பகோணத்தில். ஆல்பம் வேலை பார்க்கும் என் தம்பி இருப்பது திருச்சியில். ஒரு கல்யாணம் முடிந்தால் படமும் வீடியோவுமாக 60 ஜிபி சேர்ந்துவிடும். ஹார்டு டிஸ்கில் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். போன ஆவணியில் ஒரு டிஸ்க் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தது, திறக்கவே இல்லை. கடையில் இன்னொரு காப்பி இருந்ததால் தப்பித்தோம். இனி பஸ் வேண்டாம், கடையில் இருக்கும் நாஸ் பெட்டியிலேயே (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) எஃப்டிபி, அதாவது இணையம் வழியாகக் கோப்புகளைப் பரிமாறும் வழி, திறந்துவிடலாம் என்று இறங்கினேன்.

பெட்டிக்குள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. தம்பிக்குத் தனிப் பயனர் கணக்கு, ஒரே ஒரு ஃபோல்டருக்கு அனுமதி, அதற்கு மேலே ஏறிப் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடு. அப்புறம் ரூட்டரில் எஃப்டிபிக்கான கதவெண்ணான 21ஆம் போர்ட்டை நாஸுக்குத் திருப்பிவிட்டேன். கடை வைஃபையில் உடனே வேலை செய்தது. மொபைல் டேட்டாவில் பார்த்தால் அசைவே இல்லை. ரூட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும்போது இணைய நிறுவனங்கள் கொடுப்பவை. வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, வாங்கியதும் தம்பிக்கு ஃபோல்டர் தெரிந்தது.

அதோடு நிறுத்த மனம் வரவில்லை. சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தாகப் போகும், வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். வாடிக்கையாளர் வீட்டுப் படங்களை அப்படி அனுப்பக் கூடாது. அதனால் டிஎல்எஸ் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கினேன். அங்கேதான் சிக்கல். “அண்ணே, லாகின் ஆகுது, ஆனா ஒண்ணுமே வரல” என்றான். ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளில் பாஸ்வேர்டு ஏற்கப்படுகிறது, பட்டியல் கேட்கும்போது இருபது விநாடி நின்று அறுந்துவிடுகிறது. இரண்டு நாள் மாலை இதிலேயே போயிற்று.

காரணம் இதுதான். எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். 21ஆம் போர்ட்டில் பேச்சு மட்டும் நடக்கும். பட்டியலும் கோப்புகளும் வேறு போர்ட்டில் வரும். இரண்டாவது இணைப்பையும் தம்பியின் கணினியே தொடங்கும் பாஸிவ் முறையில் அந்தப் போர்ட்டை நாஸ் ஆறு எண்களாகச் சொல்லும்: 192,168,1,20,217,12. முதல் நான்கும் முகவரி. 217ஐ 256ஆல் பெருக்கி 12ஐக் கூட்டினால் 55564, அதுதான் போர்ட். குறியாக்கம் இல்லாதபோது என் ரூட்டர் இந்தப் பேச்சைப் படித்து, முகவரியை மாற்றி, அந்தப் போர்ட்டையும் தானே திறந்துவிட்டிருக்கிறது. டிஎல்எஸ் வந்ததும் அதனால் படிக்க முடியவில்லை, கதவு மூடியே கிடந்தது.

தெரிந்த பிறகு தீர்வு ஐந்து நிமிடம்தான். நாஸில் பாஸிவ் போர்ட்டுகளை 55536 முதல் 55567 வரை என்று குறித்தேன். ரூட்டரில் அதே 32 போர்ட்டுகளையும் திருப்பிவிட்டேன். பாஸிவ் முறையில் வெளி முகவரியைச் சொல்லும் வசதியில் ஸ்டாடிக் ஐபியைப் போட்டேன். பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. எஸ்எஃப்டிபி என்ற வேறொரு குறியாக்க முறை என்றால் எல்லாமே 22ஆம் போர்ட் ஒன்றிலேயே முடிந்திருக்கும், இந்தத் தொல்லையே இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். தம்பி ஏற்கெனவே வைத்திருந்த பதிவேற்றக் கருவிக்கு அது தெரியாது என்பதால்தான் இந்த வழி.

பட்டியல் வந்ததும் இன்னொன்று. ‘நலங்கு’, ‘முகூர்த்தம்’ என்று தமிழில் பெயரிட்ட ஃபோல்டர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தன. நாஸின் எஃப்டிபி அமைப்பில் தமிழ் எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையைக் கட்டாயம் என்று மாற்றியதும் சரியாயிற்று.

போர்ட் திறந்த சில நாளிலேயே பதிவேட்டில் ‘அட்மின்’, ‘ரூட்’ என்ற பெயர்களில் யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ஐந்து முறை தவறினால் அந்த முகவரியைத் தடுக்கும்படி வைத்தேன், அட்மின் கணக்குக்கு எஃப்டிபி அனுமதியை எடுத்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

போன முகூர்த்தத்தில் எடுத்தது 64 ஜிபி. கடை இணைப்பின் மேலேற்ற வேகம் 100 எம்பிபிஎஸ். இரவு சாப்பிட்டு முடித்துத் தம்பி இறக்கத் தொடங்கினான், ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் “எல்லாம் வந்திருச்சுண்ணே” என்று போன் வந்தது.