விசாரிச்சவர், பிடிச்சவர், அண்ணா: கனடா அகதி விசாரணைக்குத் தயாராவது எப்படி

ஒரு காலத்தில் கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவரை முடிவெடுப்பவர்கள் நேரில் கேட்காமலே, கடதாசியைப் பார்த்து மறுத்துவிட முடிந்தது. 1985 ஏப்ரல் 4இல் ‘சிங்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதை மாற்றியது. நம்பகத்தன்மையில் கேள்வி இருந்தால் ஆளை வைத்துக் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு உறுதியானது. இன்று அரை நாள் விசாரணை என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அப்படிக் கிடைத்த உரிமை. அதை ஆயத்தமில்லாமல் வீணாக்கக் கூடாது.

முதல் வேலை பீ.ஓ.சி. (Basis of Claim) படிவம், அதாவது ஏன் அகதிக் கோரிக்கை வைக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் படிவம். எங்கள் ஆட்கள் “கேஸ் எழுதுறது” என்று சொல்வது இதைத்தான். அதை எழுத முன்பே ஒரு பெரிய தாளில் கோடு போட்டு நான்கு நிரல் எடுங்கள்: எந்த வருடம் எந்த மாதம், எந்த இடம், யார் வந்தது, அதற்கு என்ன கடதாசி இருக்கிறது. தேதி நினைவில்லாவிட்டால் “சுமார்” என்றோ “மாவீரர் நாளுக்கு இரண்டு கிழமை முன்” என்றோ எழுதலாம், அதில் பிழையில்லை. நினைவில்லாத தேதியைத் துல்லியமாக எழுதிவிட்டு விசாரணையில் வேறொன்றைச் சொல்வதுதான் பிழை. உங்களை விசாரித்துக் கேஸைத் தீர்மானிக்கும் அகதிகள் சபை உறுப்பினரின் கையில் பீ.ஓ.சி. மட்டும் இருப்பதில்லை. விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரி எழுதிய குறிப்பு இருக்கலாம், விசாவுக்குக் கொடுத்த விண்ணப்பமும் இருக்கலாம். விசாவுக்கு ஏஜென்ட் தொழிலையோ திருமண நிலையையோ மாற்றி எழுதியிருந்தால், அதைச் சட்டத்தரணிக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாமாகவே பீ.ஓ.சி.யில் விளக்கினால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டபின் சொன்னால் சாட்டு.

பீ.ஓ.சி.யில் என்ன நடந்தது, ஏன் பயம் என்று கேட்கும் இரண்டாம் கேள்விதான் கேஸின் உயிர். நடந்த முக்கியமான ஒவ்வொன்றும் அதற்குள் வர வேண்டும். பெண்கள் சொல்லக் கூசும் விஷயங்களும், ஆண்களுக்குத் தடுப்பு முகாமில் நடந்தவையும்கூட. “விசாரணையில் சொல்லுவம்” என்று விட்டால், “இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் எழுதவில்லை?” என்ற கேள்வி வரும். விடுபட்டது பிறகு நினைவுக்கு வந்தால் திருத்தலாம்: மாற்றிய இடத்தை அடிக்கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்து, உண்மையென்ற உறுதிமொழியோடு கொடுக்க வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னரே சபையின் கையில் கிடைக்க வேண்டும், அனுப்பிய நாள் கணக்கில்லை. மற்ற ஆவணங்களுக்கும் பொதுவாக இதே கெடுதான். தமிழில் உள்ளதை மொழிபெயர்ப்போடும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியோடும் கொடுக்க வேண்டும். அம்மா எழுதும் கடிதத்தோடு அவருடைய அடையாள அட்டைப் பிரதியை இணையுங்கள். அம்மா, கிராம சேவகர், சமாதான நீதவான் மூவரின் கடிதமும் அச்சொட்டாக ஒரே வசனத்தில் இருந்தால், அவை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். அவரவர் கண்ணால் கண்டதை மட்டும் அவரவர் எழுதட்டும்.

இனி மொழி. இதை யாரும் போதிய அளவு சொல்லித் தருவதில்லை.

படிவத்தில் மொழியோடு பேச்சுவழக்கையும் கேட்பார்கள். “தமிழ்” என்று மட்டும் விடாமல் “இலங்கைத் தமிழ்” என்று எழுதுங்கள். “ரெண்டு கிழமை கழிச்சு வந்து விசாரிச்சவங்கள்” என்ற ஒரு வசனத்தையே பாருங்கள். கிழமை நமக்கு வாரம். தமிழ்நாட்டில் அது வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்று நாளைக் குறிப்பது. விசாரித்தது என்பது நலம் கேட்டதாகவும் இருக்கலாம், ரி.ஐ.டி. (பயங்கரவாத விசாரணைப் பிரிவு) கொண்டுபோய் வைத்துக் கேட்டதாகவும் இருக்கலாம். “என்னைப் பிடிச்சவங்கள்” என்றால் கையைப் பிடித்ததா, கைது செய்ததா? “கைது செய்து ஜீப்பில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள்” என்று முழுமையாகச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் மோசமானது அண்ணா. பெரியப்பாவின் மகனை அண்ணா என்கிறோம், மொழிபெயர்ப்பில் அவர் கூடப்பிறந்த சகோதரர் ஆகிவிடுகிறார். குடும்பப் பட்டியலில் அப்படி ஒரு சகோதரர் இல்லை, உடனே நம்பகத்தன்மை அடிபடுகிறது. “பெரியப்பாவின் மகன்” என்றே சொல்லிப் பழகுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. அவர் சொல்வது பிசகினால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். “ஐயா, நான் சொன்னது அதில்லை” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அந்த நேரம் பேசாமல் இருந்துவிட்டு மேன்முறையீட்டில் முறையிட்டால் பெரும்பாலும் எடுபடாது. பீ.ஓ.சி.யில் கையெழுத்து வைக்க முன்பும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “நேரமில்லை, கையெழுத்தை வையுங்கோ” என்றால் வைக்காதீர்கள்.

விசாரணையில் வழமையாக உறுப்பினர்தான் முதலில் கேட்பார், பிறகு உங்கள் சட்டத்தரணி. “ஏன் கொழும்பில் போய் இருக்கவில்லை?” என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். “அங்கே எங்களுக்கு ஆட்கள் இல்லை” என்ற பதில் மட்டும் போதாது. தேடுவது யார், கொழும்பிலும் அவர்களுக்கு ஏன் அக்கறை, எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். தேடுவது அரச படையென்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அரசின் கை நாடு முழுக்க நீளும். விளங்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், திருப்பிக் கேளுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்பதே பதில்.

வீடு மாறினால் முகவரியை அகதிகள் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவை மூன்றுக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய் நீங்கள் விசாரணைக்கு வராவிட்டால், கேஸைக் கைவிட்டதாகத் தீர்மானிக்கச் சில நாட்களிலேயே ஒரு தவணை வைப்பார்கள். அதையும் தவறவிட்டுக் கேஸ் கைவிடப்பட்டதாக முடிந்தால், கனடாவில் மறுபடி அகதிக் கோரிக்கை வைக்க முடியாது.

மறுப்பு வந்தால், எழுத்துமூலக் காரணம் கையில் கிடைத்த நாளிலிருந்து அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுக்க 15 நாள். கடித உறையிலேயே கிடைத்த திகதியைப் பேனாவால் எழுதி, அன்றைக்கே சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுங்கள்.