காதை அடைத்துக்கொண்டு ஒரு தரிசனம்

தீபாராதனையை நின்று பார்த்து இருபது வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் மேளக்காரர் வருவது நின்றதும் மோட்டார் மேளம் வாங்கி வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் முரசும் தாளமும் மணியும் சேர்ந்தே அடிக்கும். திரை விலகும் நேரத்தில்தான் அதையும் போடுவார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, நான் காதைப் பொத்திக்கொண்டு வெளிப் பிராகாரத்துக்கு ஓடுவேன். "உனக்குச் சாமி வேண்டாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. சாமி வேண்டும், சத்தம்தான் முடியவில்லை. அதைச் சொல்ல அப்போது எனக்கு வார்த்தை இல்லை.

ஆட்டிசம் என்று தெரிந்தது 31 வயதில். மின்விசிறி, பக்கத்தில் நிற்பவர் பேச்சு, தேங்காய் உடைக்கிற ஓசை, இதில் எதையும் என் மூளை பின்னுக்குத் தள்ளாது. எல்லாம் ஒரே அளவில், ஒன்றாக வந்து இறங்கும். மணி ஓசை காதோடு நிற்காமல் பல்லில் கூசும், வயிற்றைப் பிசையும். பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

போன ஆனி மாதம் அம்மாவும் நானும் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குப் போக அம்மாவுக்கு ஆசைதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது. அதனால் பிரதோஷம், விடுமுறை எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்தோம். பேருந்தில் ஏர் ஹாரன் பாதி உயிரை எடுத்துவிட்டது. நல்லவேளை, ராஜேந்திர சோழன் கட்டிய அந்தக் கோயிலைச் சுற்றிப் பெரிய புல்வெளி இருக்கிறது. மாலை நடை திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். 180 அடி விமானம், கீழே அகன்று, மேலே போகப் போக உள்வாங்கி நெளிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது.

நடை திறந்ததும் டப்பாவிலிருந்து நுரைப்பஞ்சுக் காது அடைப்பானை எடுத்தேன். இரண்டு விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது ஊதி நிறையும்வரை விரலை எடுக்கக் கூடாது. முன்பெல்லாம் ஹெட்போன் போட்டுக்கொள்வேன். "கோயில்ல என்ன பாட்டு கேக்குற?" என்று ஒருவர் அதட்டியதிலிருந்து இதுதான்.

உள்ளே நீண்ட இருட்டு மண்டபம். அதன் கடைசியில், விளக்கொளியில், 13 அடி உயர லிங்கம். மணி அடித்தார்கள். எங்கோ அடுத்த தெருவில் அடிப்பதுபோலக் கேட்டது. பழக்கத்தில் கால் வாசல் பக்கம் திரும்பியது, ஆனால் ஓட வேண்டியிருக்கவில்லை. நமசிவாய என்று முணுமுணுத்தேன். காதை அடைத்திருந்தால் நம் குரல் நமக்குள்ளேயே பெரிதாகக் கேட்கும். மண்டை ஓடு முழுக்க அந்த ஐந்தெழுத்து அதிர்ந்தது. தீபம் மேலே ஏறி, லிங்கத்தின் வளைவில் வெளிச்சம் வழிந்து இறங்கியதைக் கடைசிவரை பார்த்தேன். அழுதுவிட்டேன்.

குருக்கள் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. "அவளுக்குச் சத்தம் ஆகாதுங்க சாமி" என்றாள் அம்மா. அவர் தலையசைத்து, தட்டை என் கைக்கு எட்டும்படி தாழ்த்திப் பிடித்தார்.

வடக்குப் படிக்கட்டு அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம். பார்வதியோடு அமர்ந்த ஈசன், கைகூப்பி இருக்கும் சண்டேசரின் தலையில் தன் கையாலேயே கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அந்த விரல்களின் பொறுமையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பக்கத்தில் அதே சண்டேசருக்கு, அதாவது சண்டிகேசுவரருக்கு, தனிச் சன்னிதி. அங்கே சில பிள்ளைகள் பளார் பளாரென்று கைதட்டிக் கும்பிட்டார்கள். அம்மா போய், "தட்டக் கூடாது கண்ணுங்களா, அவர் தியானத்துல இருக்கார்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் ஓசையில்லாமல் தேய்த்துக் காட்டினாள். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று அவரிடம் காட்டுவதற்கு அது போதும். பாட்டி எனக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்த முறை. இந்தக் கோயில் பழக்கத்தில் இப்படி ஒரு இடம் எனக்காகவே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நானும் கையைத் தேய்த்துக் காட்டினேன்.

அப்புறம் புல்வெளியில் உட்கார்ந்து அடைப்பான்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கிளிச் சத்தம் முதலில் வந்தது. அம்மா என் நெற்றியில் விபூதியைச் சரிசெய்துவிட்டு, "இன்னொரு சுத்து வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டப்பாவை மறுபடி திறந்தேன்.