கைப்பிடியின் கனம்

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கை டைனமோ இருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மரப்பலகை, குதிரைலாடக் காந்தம், நடுவே செம்புக் கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஆசிரியர் என்னைச் சுற்றச் சொன்னார். விறுவிறுவென்று சுற்றியது. அப்புறம் பல்பை இணைத்தார். பல்பு எரிந்தது, கைப்பிடியோ சட்டென்று கனத்துவிட்டது. "உன் கை படுற பாடுதான்டா அங்கே வெளிச்சமா எரியுது" என்றார்.

காந்தமும் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே கண்டது 1831இல். அந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி. விதியைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே என் கை படித்துவிட்டது.

பிறகு வெளிநாடு வந்து அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நிலக்கரி எரிந்து, 500 டிகிரிக்கும் மேலான நீராவி டர்பைனின் இறக்கைகளைத் தள்ள, அதோடு இணைந்த ஜெனரேட்டர் என்ற பெரிய டைனமோ நிமிடத்துக்கு 3000 முறை சுழலும். அணுமின் நிலையத்திலும் நீராவிதான். சூடு மட்டும் அணு பிளவுபடுவதால் வருகிறது. அணையில் விழும் நீர் தள்ளுகிறது, காற்றாலையில் காற்று. சூரியத் தகடு மட்டும் தனி ரகம். அதில் சுழல்வது எதுவும் இல்லை, ஒளியே சிலிக்கானில் எலெக்ட்ரான்களை நகர்த்திவிடுகிறது.

நிலக்கரிச் சூட்டில் பாதிக்கும் மேல் மின்சாரமாகாமலே வெளியேறிவிடும். நல்ல நீர் டர்பைனோ நீரின் ஆற்றலில் 90 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் மண்ணுக்குள் உருவான கரியை எரித்து, அதில் பாதிக்கு மேல் வீணாக விடுவது எனக்கு ஒருநாளும் சம்மதமாக இருந்ததில்லை. மழை மறுபடி பெய்யும், காற்று மறுபடி வீசும். எரிந்த கரி திரும்பாது. அதன் புகையில் போன கார்பன் டை ஆக்சைடு நம் தலைக்கு மேலேயே தங்கிவிடுகிறது.

மாலையில் வீடுகளில் விளக்கு போடும் நேரம் கட்டுப்பாட்டு அறையில் ஜெனரேட்டரின் வேகத்தோடு ஏறி இறங்கும் அதிர்வெண் முள், நொடிக்கு 50 சுற்று என்ற அளவிலிருந்து இம்மி கீழே இறங்கும். அத்தனை பெரிய ஜெனரேட்டருக்கும் கனம் ஏறுகிறது. நீராவி வால்வு தானாகவே இன்னும் கொஞ்சம் திறக்கும். ஒவ்வொரு முறையும் என் வலது மணிக்கட்டு அந்தக் கைப்பிடியை நினைத்துக்கொள்ளும்.